ராஸ் தீவின் மனமகிழ் மன்றமும் அந்தமான் மரவீடுகளும்

முன்னுரை

நம் சங்க மலருக்கு இவ்வாண்டு என்ன எழுதப் போகிறீர்கள் என்று மலர்க்குழு நண்பர் கேட்டார். "ராஸ் தீவில் வெள்ளைக்காரன் கட்டிய கிளப்பைப் பற்றி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நீங்க சமணராச்சே நயினார்! பொழுது சாஞ்சா சாப்பாடே இல்லேங்கிற ஆளு, சாராயம் குடிச்ச இடத்தைப் பத்தி எழுதுறதா?" என்றார். நியாயமான கேள்விதான். திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் அது எழுதாத சட்டம். ஆனால் நான் எழுதப் புகுந்தது அங்கே ஊற்றிக் கொடுத்ததைப் பற்றியன்று. அந்தக் கூரையைத் தாங்கி நின்ற மரத்தைப் பற்றி.

மரத்தின் மேல் எனக்கு ஏன் இந்த ஈடுபாடு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய தொழில்களாகச் சமண நூல்கள் சொல்பவற்றுள் காட்டை வெட்டி விற்பதும் ஒன்று. ஆகவே 1981இல் நான் கப்பலேறியபோது, "மர வியாபாரம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லித்தான் என் தகப்பனார் அனுப்பினார். நான் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை வைத்தேன். ஆணி கடைசியில் போய்ச் சேருவது மரத்தில்தானே! நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தீவின் தச்சர்களோடு பேசிப் பேசி நான் அறிந்துகொண்டதும், படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததே இக்கட்டுரை.

பப்பு, கிளப்பு, பொதியில்

இங்கிலாந்தின் கிராமங்களில் மரச்சட்டக் கட்டடத்தில் நடக்கும் பழைய மதுச்சாலைகள் இன்றும் உண்டு. அவற்றை 'பப்' என்பார்கள். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம் அது. நேர்ப்பொருள் 'பொது வீடு'. ஓக் மரத்தில் கால்களும் உத்திரங்களும் நிறுத்தி, ஒன்றன் துளையில் மற்றொன்றின் நாக்கை நுழைத்து, மரமுளை அடித்து இறுக்குவார்கள். சட்டங்களுக்கு இடையில் குச்சி வரிச்சு கட்டி மண் பூசுவார்கள். சுவர் பாரம் தாங்குவதில்லை. பாரமெல்லாம் மரச்சட்டத்தின் மேல். லண்டன் சவுத்வார்க்கில் உள்ள ஜார்ஜ் இன் என்னும் விடுதி ஒரு தீவிபத்துக்குப் பின் 1677இல் திரும்பக் கட்டப்பட்டது. மரத் தாழ்வாரங்கள் மாடிதோறும் ஓடும் அந்த வகை விடுதிகளில் லண்டனில் எஞ்சியது அது ஒன்றுதான். மரத்தின் வளையங்களை எண்ணி, அம்மரம் வெட்டப்பட்ட ஆண்டையே கணக்கிடும் முறையும் இப்போது இருக்கிறது. ஆக, அங்கே ஒரு உத்திரமே கல்வெட்டு மாதிரி.

நமக்கு இது புதிதா என்றால் இல்லை. பழந்தமிழில் 'பொதியில்' என்றொரு சொல் உண்டு. பொது, இல் என்ற இரண்டும் சேர்ந்த சொல். ஊரார் கூடுமிடம். அங்கே கந்து எனப்படும் மரத்தூணைத் தெய்வமாக வழிபட்டதையும் சங்க நூல்கள் சொல்கின்றன. மக்கள் விட்டுப்போன ஊரில் பாழடைந்த பொதியிலின் விட்டம் சரிந்து கிடப்பதை அகநானூறு காட்டுகிறது. சிலப்பதிகாரம் புகார் நகரில் ஐந்து மன்றங்கள் இருந்தன என்கிறது. ஆகவே 'பொது வீடு' என்ற கருத்தும், அதை மரத்தால் கட்டுவதும் நமக்கும் பழையதே.

ஆனால் வெள்ளையர் அந்தமானுக்கு வந்தபோது தங்கள் ஊர்ப் 'பொது வீட்டை'க் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது 'கிளப்'. இரண்டும் ஒன்றல்ல. பொது வீட்டில் காசு வைத்திருக்கும் எவனும் நுழையலாம். கிளப்பில் உறுப்பினர் மட்டுமே நுழையலாம். யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் கிளப்பின் அஸ்திவாரம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு ராஸ் தீவுக்குப் போவோம்.

மூங்கிலிலிருந்து படாக்குக்கு

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆர்ச்சிபால்டு பிளேர் 1789இல் சாத்தம் தீவில் முதல் குடியேற்றத்தை அமைத்தார். பிறகு அது வட அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோய்களின் கொடுமையால் 1796இல் கைவிடப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின்னர், 1858 மார்ச் 10இல் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். விரைவிலேயே ராஸ் தீவு தலைமையிடமாயிற்று. ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அச்சிறு தீவிலிருந்துதான் 1941 வரை இத்தீவுக் கூட்டம் முழுவதும் ஆளப்பட்டது. 2018இல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. 2024இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பழைய செய்திகளைச் சொல்வதால் இக்கட்டுரையில் பழைய பெயர்களையே ஆள்கிறேன்.

முதலில் எழுந்தவை மூங்கிலும் புல்லும் வேய்ந்த கொட்டகைகளே. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் இடம் இது. வேய்ந்த கூரை எத்தனை நாள் தாங்கும்? காட்டைத் திருத்தத் திருத்த, இங்குள்ள மரங்களின் குணம் தெரியவந்தது. 1883இல் இங்கே வனத்துறை தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் சாத்தத்தில் அரசு மர அறுவை ஆலையும் அமைந்தது. ஆசியாவிலேயே பழமையான, பெரிய மர ஆலைகளுள் ஒன்று என்று அது பேர் பெற்றது. அதற்குப் பிறகு அளவெடுத்து அறுத்த சட்டமும் பலகையும் தாராளமாகக் கிடைத்தன. போர்ட் பிளேரின் மரவீட்டுக்காலம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது எனலாம்.

இவற்றில் முதன்மையானது படாக். இப்போது நம் ஒன்றியப் பகுதியின் மரமும் அதுவே. தமிழர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. நம் குறிஞ்சி நிலத்து வேங்கையும், செஞ்சந்தனமும், அந்தமான் படாக்கும் தாவர நூலார் கணக்கில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆக, நம் வீட்டு நிலைக்கதவாக நிற்கும் படாக், சங்கப் புலவர் பாடிய வேங்கைக்குப் பங்காளி முறை! கரையான் எளிதில் அண்டாது, ஈரத்தில் முறுக்கிக்கொள்ளாது, செந்நிறமாக மெருகேறும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியானது.

அடுத்தது குர்ஜன். நெடிதுயர்ந்து வளரும், நீளமான பலகை கிடைக்கும். ஆனால் மண்ணில் பட்டால் படாக் அளவுக்குத் தாங்காது. அதனால் பழைய மிஸ்திரிகள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: தரைக்கும் ஈரத்துக்கும் பக்கத்தில் நிற்கும் கால் படாக், மேலே சுவர்ப்பலகையும் கைமரமும் குர்ஜன். குர்ஜனிலிருந்து வடியும் எண்ணெயையே பலகைக்குப் பூசிக் காப்பதும் உண்டு. "அதது இடத்துல அதது இருக்கணும்" என்பார்கள். மனிதருக்கும் பொருந்தும் வார்த்தை.

மன்றத்தின் அமைப்பு

ராஸ் தீவில் இரண்டு கிளப்புகள் இருந்தன. மேலதிகாரிகளுக்கு ஒன்று, அது செட்டில்மெண்ட் கிளப். கீழ்நிலை அலுவலர்களுக்கு மற்றொன்று. அது சபார்டினேட்ஸ் கிளப். சின்னஞ்சிறு தீவு, இருந்த வெள்ளையரோ கொஞ்சம் பேர். அவர்களுக்குள்ளேயே சேர்ந்து உட்கார முடியாமல் இரண்டு வீடு! சாதி நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைப்பவர்கள் ராஸ் தீவை ஒருமுறை சுற்றிவர வேண்டும்.

இன்று சுற்றுலாப் படகில் போகிறவர் காண்பது என்ன? செங்கல், கல், சுண்ணாம்புச் சுவர்கள். அவற்றைப் பின்னிப் பிணைந்து தொங்கும் அத்தி, ஆல் இன வேர்கள். பலரும் இதைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் எவ்வளவு கெட்டியா செங்கல்லுல கட்டியிருக்கான் பாரு" என்று சொல்லிக்கொண்டே படம் எடுக்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. எஞ்சியது செங்கல், அவ்வளவே. தரை, உத்திரம், கூரை, தாழ்வாரம், படிக்கட்டு, கதவு, ஜன்னல் என்று கட்டடத்துக்கு உயிராக இருந்ததெல்லாம் மரம். அது போய்விட்டது. ஓடு மட்டும் கிடக்கிறது, ஆமை இல்லை.

கடைக்காரன் கண்ணுக்கு வேறு சில தெரியும். சுவரில் வரிசையாக உள்ள குழிகள் உத்திரம் செருகிய இடங்கள். அக்குழிகளின் உயரத்தைப் பார்த்தால் தரை எந்த மட்டத்தில் இருந்தது என்று ஊகிக்கலாம். தரைக்குக் கீழே காற்று ஓட இடம்விட்டு, அதன் மேல் உத்திரம் போட்டு, அதன் மேல் பலகை பரப்புவது இவ்வூர் வழக்கம். ஈரம் ஏறாது; மிதித்தால் பலகை சற்றே அமுங்கி எழும். சபார்டினேட்ஸ் கிளப்பில் ஆட்டத்துக்கென்று அமைத்த தரை தேக்குப் பலகையால் ஆனது என்று சொல்லப்படுகிறது. ஆடுகிற காலுக்குக் கல்தரை வலிக்கும், மரத்தரை தூக்கிவிடும். இதற்காகவே அது மரம்.

வாசலும் ஜன்னலும் உயரமானவை. கடற்காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற வேண்டும். சுற்றிலும் தாழ்வாரம், அதனால் சாரல் சுவரில் அடிக்காது. இவை வெள்ளையர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்தவை அல்ல. வங்கம், பர்மா, மலேயா என்று வெப்ப நாடுகளில் வாழ்ந்து அவர்கள் கற்றுக்கொண்டவை. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைக் கண்டவர்களுக்கு இந்த உறவு விளங்கும். வங்கக் கடலின் இருகரையிலும் மரமும் தச்சு நுட்பமும் கப்பலேறிப் போய்வந்த காலம் அது.

கிளப்புக்குத் துணையாகத் தீவில் ரொட்டி அடுமனை, ஐஸ் ஆலை, சோடா நீர் ஆலை, டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம், தேவாலயம், கடைவீதி எல்லாம் இருந்தன. விஸ்கியில் கலக்கச் சோடாவும் அதில் மிதக்க ஐஸும் தீவுக்குள்ளேயே தயார்.

கட்டியவர் யார்?

இங்கேதான் கட்டட வரலாறு மனித வரலாறாகிறது. 1901இல் இங்கிருந்த கைதிகள் சுமார் 12,000 பேர். மரம் வெட்டியது, யானை கொண்டு இழுத்தது, அறுத்தது, சுமந்தது, சுண்ணாம்பு அரைத்தது, ஏணியில் நின்று கைமரம் ஏற்றியது எல்லாம் அவர்கள்தாம். சென்னை மாகாணத்திலிருந்தும் கைதிகள் அனுப்பப்பட்டார்கள். ஆக, அந்த உத்திரங்களில் தமிழ்க் கையும் பட்டிருக்கும். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறைக்கு 698 அறைகள், 7 கிளைகள் என்று சிறுபிள்ளையும் சொல்லும். அந்தச் சிறையைக் கட்டிய அதே கைதி முறைதான் கடலுக்கு அக்கரையில் கிளப்பையும் கட்டியது. ஒருபுறம் தனிமைக்கு அறை; மறுபுறம் கூடிக் களிக்கக் கூடம். இரண்டையும் கட்டியவன், ஒன்றினுள் மட்டுமே வாழ அனுமதிக்கப்பட்டான்.

கைதிகள் மட்டுமல்லர். தண்டனைக் காலத்தில் நன்னடத்தை காட்டியவர்கள் வெளியே குடும்பத்தோடு வாழ விடப்பட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்களே இன்று 'லோக்கல் பார்ன்' எனப்படும் முன்னோடிக் குடியினர். 1918 முதல் ராஞ்சிப் பகுதித் தொழிலாளர்கள் காட்டு வேலைக்கு வந்தனர். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் அழைத்துவரப்பட்டு நடு அந்தமானில் மாயாபந்தர் பக்கம் குடியேறினார்கள். கால்கள் நட்டு உயர்த்திக் கட்டும் வீட்டுமுறையில் தேர்ந்தவர்கள் அவர்கள். இப்படிப் பல நாட்டுத் தச்சும் கலந்ததே அபர்தீன் கடைத்தெருவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எழுந்த மரவீடு. தகரக் கூரை, பலகைச் சுவர், முன்தாழ்வாரம், மேலே கம்பிக்கட்டம் போன்ற மரச்சாளரம். 'போர்ட் பிளேர் பாணி' என்று யாராவது சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். அது வெள்ளையன் பாணியும் அல்ல. பர்மியன் பாணியும் அல்ல.

மூன்று அழிவுகள்

கிளப்பின் முடிவு மூன்று படியாக வந்தது. முதல் படி, 1941 ஜூன் 26. அன்று ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் ராஸ் தீவின் கட்டடங்களையும் செல்லுலார் சிறையையும் சேதப்படுத்தியது. கல்லும் செங்கல்லும் கனமானவை. நிலம் ஆடும்போது தம் கனத்தாலேயே தாம் பிளந்துகொள்ளும்.

இரண்டாம் படி, போர். 1942 மார்ச்சில் ஜப்பானிய விமானங்கள் வந்து போயின. சாத்தம் ஆலையில் விழுந்த குண்டின் பள்ளத்தை இன்றும் காட்டுகிறார்கள். மார்ச் 23இல் ஜப்பானியர் தரையிறங்கினார்கள். தலைமை ஆணையர் வாட்டர்ஃபால் சிறைப்பட்டார். ராஸ் தீவில் பதுங்கு அரண்கள் எழுந்தன. அவற்றுக்காகப் பழைய கட்டடங்களின் மரமும் இரும்பும் பெயர்க்கப்பட்டன. ஆட்டத்துக்குப் போட்ட பலகை பீரங்கிக்கு முட்டுக்கொடுக்கப் போனது என்று வைத்துக்கொள்ளலாம். 1945 அக்டோபரில் பிரிட்டிஷார் திரும்பினார்கள். ஆனால் ராஸ் தீவுக்குத் தலைமையிடம் திரும்பவில்லை. கைதிக் குடியிருப்பும் ஒழிக்கப்பட்டது.

மூன்றாம் படி, நம்முடையது. ஆளில்லாத தீவில் எஞ்சிய கதவும் சட்டமும் மெல்ல மெல்லக் கரையேறின. அக்காலத்தில் அதை யாரும் திருட்டு என்று நினைத்திருக்க மாட்டார்கள். 'சும்மாக் கிடக்குதே' என்றிருப்பார்கள். 1979இல் தீவு கடற்படையின் பொறுப்புக்கு வந்தது. சுவர்கள் தப்பின. மரம் தப்பவில்லை.

உண்மையான பொது வீடு

கிளப்பைப் பேசினோம், பொது வீடு இத்தீவுக் கூட்டத்தில் எங்குமே இல்லையா? இருந்தது. அதைக் கட்டியவர்கள் நிக்கோபார் மக்கள். கார் நிக்கோபாரில் ஒவ்வொரு ஊருக்கும் கடற்கரையோரம் 'எல்பனம்' என்ற பொது இடம் உண்டு. ஊருக்குப் பொதுவான பெரிய வீடுகள் அங்கே நின்றன. விருந்தினர் தங்க, விழாவுக்குக் கூட என்று ஊருக்கெல்லாம் பயன்பட்டன. தடித்த மரக்கால்கள், அவற்றின் உச்சியில் எலி ஏறாமல் தடுக்க வட்டப் பலகை, அதன் மேல் தளம், அதன் மேல் தேனடை கவிழ்த்தாற்போல் வட்டமான புற்கூரை. பிரம்பாலேயே கட்டி நிறுத்தினார்கள். இரும்பு ஆணி தேவைப்படவில்லை. ஆணி வியாபாரியான எனக்கு இது நஷ்டம்தான். ஆனாலும் கைகூப்பத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் 'பொது வீடு', சங்ககாலப் 'பொதியில்', நிக்கோபாரியரின் எல்பனத்து வீடு மூன்றையும் ஒரு வரிசையில் வைக்கலாம். ராஸ் தீவுக் கிளப்பை அந்த வரிசையில் வைக்க முடியாது. அதன் கட்டடம் மரமே ஆனாலும், அதன் கதவு மூடிய கதவு.

2004: நான் கற்ற பாடம்

இனி ஒரு சொந்தக் குறையைச் சொல்ல வேண்டும். நான் கடை வைத்திருந்த இடம் ஒரு பழைய மரக்கட்டடம். படாக் கால்கள், குர்ஜன் பலகை, தகரக் கூரை. கையிலே நாலு காசு சேர்ந்ததும், எல்லாரையும் போல எனக்கும் 'பில்டிங்' கட்டும் ஆசை வந்தது. 1996இல் அந்த இடத்தை வாங்கினேன், பிரித்துப் போட்டேன்.

பிரிக்க வந்தவர் ராமநாதபுரம் பக்கத்து ஆசாரி; என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஒரு காலை உருவி எடுத்து நிலத்தில் போட்டு உளியால் தட்டினார். மணி மாதிரி சத்தம். "நயினாரு தம்பி, இதுல கரையானும் இல்ல, மக்கலும் இல்ல. உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும். எதுக்குப் பிரிக்கிறீங்க?" என்றார். "அண்ணே, காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும்ல" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஒவ்வொரு மூட்டையும் உடைக்காமல், முளையைத் தட்டிக் கழற்றி, அடுக்கி வைத்தார். எங்கள் மேல்சித்தாமூர்த் தேரைப் பூட்டுகிற ஆள் எவ்வளவு பக்குவமாகக் கைவைப்பாரோ அவ்வளவு பக்குவம். அந்த மரத்தை நான் விற்றுவிட்டேன். தகப்பனார் சொல்லையும் அன்று மீறினேன்.

புதிய கட்டடத்துக்கு ஆற்று மணல் எங்கே கிடைக்கிறது இத்தீவில்? கடல் மணலையே போட்டார்கள். அதிலுள்ள உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு ஏறினால் கம்பி பருக்கும். பருத்தால் சிமெண்டுப் பூச்சு வெடிக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. துருப்பிடித்த ஆணியைத் தினமும் பார்க்கிறவன்தானே! ஆனாலும் விட்டுவிட்டேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. அதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரிக்டர் கணக்கில் 9ஐத் தாண்டிய நடுக்கம். போர்ட் பிளேர்ப் பகுதி நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் கடல் வந்து நின்றது. என் கட்டடத்தின் கீழ்த்தளத் தூண்கள் நாலில் வெடிப்பு. ஒன்றில் துருக்கம்பி வெளியே தெரிந்தது. அடுத்த மனையில் ஒரு லோக்கல் பார்ன் குடும்பத்தின் மரவீடு. கிறீச்சிட்டது, ஆடியது, சமையலறைப் பாத்திரமெல்லாம் விழுந்தது, வீடு நின்றது. அந்த வீட்டுப் பெரியம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் நின்ற எங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவுக்குப் பொது வீடு அதுதான்.

ஏன் நின்றது? மந்திரம் ஒன்றுமில்லை. மரம் கனம் குறைவு. ஆட்டும் விசை கனத்தைப் பொறுத்தது. மூட்டுகள் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். அந்த அசைவிலேயே விசை செலவாகிவிடும். கூரை தகரம், விழுந்தாலும் நசுக்காது. இத்தீவுகளின் சேதத்தைப் பின்னர் ஆராய்ந்த பொறியாளர்களும் மரக்கட்டடங்கள் நன்றாகத் தாங்கின என்றே எழுதினார்கள். இதில் மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. நடுக்கத்தைத் தாங்கிய மரம் கடலலையைத் தாங்கவில்லை. கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களையும் எல்பனத்து வீடுகளையும் ஆழிப்பேரலை வாரிச்சென்றது. பிறகு அங்கே முதலில் தகரக் கொட்டகைகளும், பின்பு அரசின் நிரந்தரக் குடியிருப்புகளும் வந்தன. தேனடைக் கூரை அருகிப்போயிற்று.

இனி மரவீடு கட்டலாமா?

"அப்போ எல்லாரும் மறுபடியும் மரவீடு கட்டுங்கன்னு சொல்றீங்களா?" என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. 2002 மே 7இல் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளின் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது. தனியார் அறுவை ஆலைகளும் மூடப்பட்டன. சாத்தம் ஆலைக்கு வரும் மரமும் குறைந்தது. காட்டைப் பொறுத்தவரை அது நல்ல தீர்ப்பு. ஜாரவா மக்கள் வாழும் காடும் அதில் அடங்கும். ஓர் உயிரையும் வருத்தாதே என்னும் நெறியில் வளர்ந்த நான், வெட்டுங்கள் என்று எப்படிச் சொல்வேன்?

அதனால்தான் ஏற்கெனவே வெட்டி, ஏற்கெனவே நிறுத்திய மரத்தின் மதிப்பு கூடுகிறது. இன்று ஒரு படாக் காலை உருவிப் போட்டால், அதே போல் இன்னொன்று கிடைப்பது அரிது. நூறு ஆண்டு வளர்ந்த மரம், நூறு ஆண்டு வீடாக நின்றிருக்கிறது. அதை இடித்து விறகுக்கும் நாற்காலிக்கும் போடுவது இரண்டாம் முறை வெட்டுவதற்குச் சமம். இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் முதல் பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் முறை நிலைபெற்றது. ஒரு கிராமத்து மதுச்சாலையின் உத்திரத்தைக்கூட அனுமதியின்றித் தொட முடியாது. நாம் சிறையைக் காத்தோம், அது நம் கடமை. வீடுகளை யார் காப்பது?

முடிவுரை

கிளப்புக்காக நான் அழவில்லை. கைதியின் முதுகில் கட்டிய களிப்பு மண்டபம் அது. அதை வேர் மூடியது காலத்தின் நியாயம் என்றே கொள்கிறேன். நான் வருந்துவது அதைக் கட்டிய கைகள், அதே மரத்தால், அதே உளியால், பிற்பாடு தமக்கென்று கட்டிக்கொண்ட சின்னஞ்சிறு வீடுகளுக்காக. அவற்றை நாமும் இடித்தோம், நானும் இடித்தேன்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு இரண்டு வேண்டுகோள். 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நம் பிள்ளைகள் கையில் எல்லாம் படம் எடுக்கும் கைபேசி இருக்கிறது. ராஸ் தீவில் மானோடும் மயிலோடும் படம் எடுத்தது போதும். உங்கள் தெருவில் இன்னும் நிற்கும் மரவீட்டை நான்கு பக்கமும் படம் எடுங்கள். யார் கட்டியது, எந்த மரம், எந்த ஆண்டு என்று அவ்வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த மலரில் நாம் அதை அச்சிடலாம். இரண்டாவது, உங்கள் வசம் அப்படி ஒரு வீடு இருந்து, இடிக்க நினைத்தால், முதலில் ஓர் ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு காலைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மணிச் சத்தம் கேட்டால், ஒரு ராத்திரி யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் அந்த ஒரு ராத்திரி யோசிக்கவில்லை. அந்தப் பழைய கட்டடத்திலிருந்து என்னிடம் மிஞ்சியது, ஆசாரி கழற்றிக் கொடுத்த ஒரு படாக் முளை மட்டும். விரல் நீளம். கடையில் கல்லாப்பெட்டி மேல் வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளவும் முடியாது, விற்கவும் மனம் வராது. ஆணி வாங்க வருகிற பையன்கள் "இது என்ன சார்?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவனை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்கிறேன்.